கண் அழுத்த நோயும் கண்ணுக்குப் போகும் ரத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாக்கோமா இருப்பதாகத் தெரிந்து, மாதாமாதம் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதப்பட்ட பக்கம் இது. கண் டாக்டர் கண் அழுத்தத்தைப் பார்க்கிறார். பொது மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே உடம்பில், அதுவும் நடு இரவில் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைப் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியில் பிறந்தவை.

கிளாக்கோமா என்றால் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதுதானே? இதில் ரத்த ஓட்டம் எங்கே வந்தது?

கிளாக்கோமா பார்வை நரம்பை அரிக்கும் நோய். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள், கண்ணின் பின்புறத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு வட்டத்தின் வழியாக வெளியேறுகின்றன. அந்த வட்டத்தில் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்துகொண்டே போவதுதான் நோய். கண் அழுத்தம் அதற்குப் பெரிய காரணம். சிகிச்சையால் மாற்ற முடியும், மாற்றினால் பலன் உண்டு என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட காரணமும் அது ஒன்றுதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

இது பழைய வழக்கு. 1858ஆம் ஆண்டிலேயே இரு கட்சிகளும் உருவாகிவிட்டன. ஜெர்மனியின் ஹைன்ரிச் முல்லர், உள்ளே கூடும் அழுத்தம் நரம்பை நேரடியாக நசுக்குகிறது என்றார். வியன்னாவின் எடுவர்ட் யேகர், நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில்தான் கோளாறு என்றார். 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் தீர்ப்பு ஒரு பக்கமாக வரவில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. அழுத்தம் கூடினால் நரம்பு நசுங்குகிறது, அதே அழுத்தத்தில் நுண்குழாய்களும் நசுங்கி ரத்தம் குறைகிறது. ஒரே விரல் இரண்டையும் அழுத்தும்போது குற்றத்தைப் பிரித்துக் கொடுப்பது எளிதல்ல.

கண்ணுக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது?

கழுத்தில் கை வைத்தால் துடிப்பது தெரிகிறதே, அந்தக் கரோடிட் தமனியின் உட்கிளையிலிருந்து கண்ணுக்கென்று ஒரு தமனி பிரிகிறது. அது மேலும் கிளைவிட்டு, ஒரு கிளை பார்வை நரம்புக்குள்ளேயே புகுந்து விழித்திரையின் உள் அடுக்குகளுக்குப் போகிறது. மற்றக் கிளைகள் கண்ணின் பின்சுவரைத் துளைத்து நுழைகின்றன. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தப் பின்வழிக் கிளைகள் மூலம், விழித்திரைக்கு அடியில் உள்ள கோராய்டு என்ற ரத்தக் குழாய்ப் படலத்துக்குப் போய்விடுகிறது. கிளாக்கோமா தாக்கும் அந்தச் சின்ன வட்டமும் பெரும்பாலும் இதே பின்வழிக் கிளைகளை நம்பித்தான் இருக்கிறது.

இதை உலகத்துக்கு நிறுவிக் காட்டியவர் பஞ்சாபில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹெய்ரே. அவர் காட்டிய இன்னொரு விஷயம் முக்கியமானது. இந்தக் கிளைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கிளைகளின் எல்லை சேரும் இடம் பலருக்குப் பார்வை நரம்பின் வட்டத்தின் மேலேயே விழுகிறது. அதாவது அது கடைமடை. ஆற்றில் தண்ணீர் நிறைய வரும்போது கடைமடைக்காரருக்கும் குறை தெரியாது. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அவர் வயல்தான். எல்லை எங்கே விழுகிறது என்பது ஆளுக்கு ஆள், ஒரே ஆளின் இரண்டு கண்களுக்கு இடையேகூட, மாறுகிறது.

ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கத்தானே செய்கிறது? அப்படியானால் எல்லோருக்கும் நரம்பு கெட வேண்டுமே?

கெடாது. வரும் அழுத்தம் குறைந்தால் குழாய்கள் தாமாக விரிந்துகொள்ளும், கூடினால் சுருங்கிக்கொள்ளும். குழாய்ச் சுவரில் சுரக்கும் வேதிப்பொருள்களில் நைட்ரிக் ஆக்சைடு விரிக்கிறது, எண்டோதீலின் சுருக்குகிறது. இந்த இரண்டும் இன்னும் சிலவும் சேர்ந்து ஓட்டத்தை ஒரே சீராக வைத்திருக்கின்றன. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. கிளாக்கோமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சமன்செய்யும் திறன் மந்தமாகிவிட்டது என்பதே இன்றைய புரிதல். அவர்களுக்குத்தான் ஏற்ற இறக்கம் வினையாகிறது. வயது கூடக்கூட இந்தத் திறன் எல்லோருக்குமே குறையும்.

என் கண் அழுத்தம் 15தான். நார்மல் என்கிறார்கள். பிறகு எனக்கு எப்படி கிளாக்கோமா?

மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் 10 முதல் 21 வரை என்பது பெரும்பாலோரிடம் காணப்படும் அளவு. அதற்குள் இருந்தால் நோய் வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. ஜப்பானின் தஜிமி நகரில் 2000–2001இல் நடந்த ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணம் மூடாமல் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்குக் கண் அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழேதான் இருந்தது. இதைத்தான் நார்மல் டென்ஷன் கிளாக்கோமா என்கிறார்கள். ரத்த ஓட்டம் பற்றிய பேச்சு மிகுதியாக எழுவது இந்த வகையில்தான்.

அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு ‘ஒன்றுமில்லை, போகலாம்’ என்று அனுப்பும் முகாம்களில் இவர்கள் தப்பிவிடுகிறார்கள். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியாது. நரம்பை நேரில் பார்க்காத கண் பரிசோதனை அரைப் பரிசோதனைதான்.

உங்களுக்கு 15 என்றால், உங்கள் நரம்புக்கு அந்த 15ஏ அதிகம் என்று பொருள். அமெரிக்காவை மையமாகக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. அழுத்தம் ‘நார்மலாக’ இருந்தவர்களுக்கே மேலும் 30 விழுக்காடு குறைத்தார்கள். குறைத்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியது; சும்மா விட்டவர்களில் 35 விழுக்காட்டினருக்கு. ரத்த ஓட்டம்தான் உங்கள் பிரச்சினை என்று யாராவது சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னால், இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சீட்டில் ‘பெர்ஃபியூஷன் பிரஷர்’ என்று எழுதியிருக்கிறது. அது என்ன கணக்கு?

கண்ணுக்குள் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தத்திலிருந்து, அதை எதிர்த்து நிற்கும் கண் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது. எளிய முறை: ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து கண் அழுத்தத்தைக் கழியுங்கள்.

பகலில் உங்கள் பிரஷர் 130/80, கண் அழுத்தம் 16 என்று வைத்துக்கொள்வோம். 80இல் 16 போனால் 64. கவலையில்லை. இரவு இரண்டு மணிக்கு, மாத்திரையின் வேகத்தில் பிரஷர் 95/50க்கு இறங்கியிருக்கிறது. படுத்திருப்பதால் கண் அழுத்தம் 21க்கு ஏறியிருக்கிறது. 50இல் 21 போனால் 29. பகலில் இருந்ததில் பாதிகூட இல்லை. 1995இல் வெளியான பால்டிமோர் கண் ஆய்வில், இந்த மிச்சம் 30க்குக் கீழே இருந்தவர்களிடம் திறந்த கோண கிளாக்கோமா ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பார்படோஸ் தீவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது.

சராசரி ரத்த அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, அதிலிருந்து கண் அழுத்தத்தைக் கழிக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. அது உட்கார்ந்திருப்பவருக்கான கணக்கு. படுத்தால் கண் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுவதால் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கண்ணுக்குக் கிடைக்கும். எனவே மேலே போட்ட கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் நடு இரவில் எழுந்து பயப்பட வேண்டாம். டாக்டருக்கும் இது ஒரு குறிப்புதான். கையில் ரத்த அழுத்தத்தை அளந்து, கண்ணில் ஓடும் ரத்தத்தை ஊகிக்கிறோம் என்பதை அவரும் அறிவார்.

இரவைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்குவது இயல்பு. சிலருக்கு அதற்கும் கீழே சரிகிறது. அதே நேரத்தில், படுத்த நிலையில் எல்லோருக்கும் கண் அழுத்தம் உயர்கிறது. பலருக்கு 24 மணி நேரத்தின் உச்ச அளவே இரவிலோ விடியும் முன்போதான். தள்ளும் கை தளரும் நேரத்தில் தடுக்கும் கை இறுகுகிறது. நாம் கண் டாக்டரைப் பார்ப்பதோ காலை பத்து மணிக்கு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து.

ஹெய்ரேயின் குழு 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் நிறுத்தியது. நோயாளிகளுக்கு 24 மணி நேரமும் பிரஷர் கருவியைக் கட்டிப் பார்த்தபோது, பகலில் சரியாக இருந்தவர்கள் பலருக்கு இரவில் ரத்த அழுத்தம் வெகுவாகச் சரிவது தெரிந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களில், இரவுச் சரிவு ஆழமாக இருந்தவர்களுக்குப் பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) மோசமாகும் போக்கும் தெரிந்தது.

இந்தக் கருவி இப்போது நம் ஊர்களிலும் கிடைக்கிறது. மேற்கையில் பட்டை, இடுப்பில் ஒரு சிறு பெட்டி. பகலில் 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும் இரவில் சற்று இடைவெளி விட்டும் பட்டை தானாக இறுகித் தளரும். முதல் இரவு தூக்கம் கொஞ்சம் கெடும். மறுநாள் கிடைக்கும் வரைபடம் அதற்கு ஈடுகட்டும். எல்லோருக்கும் இது தேவையில்லை. சொட்டு மருந்தால் அழுத்தம் நன்றாகக் குறைந்தும் பார்வைப் புலம் சுருங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற நார்மல் டென்ஷன் நோயாளிகளுக்கு, காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறவர்களுக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது.

நான் பிரஷர் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாப்பிடுகிறேன். நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. நிறுத்தினால் பக்கவாதம் கண்ணுக்காகக் காத்திருக்காது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு: ‘டாக்டர், எனக்கு கிளாக்கோமா இருக்கிறது. இந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா?’ சில ஆண்டுகளுக்கு முன் இரவில் சாப்பிட்டால் இதயத்துக்குக் கூடுதல் நன்மை என்று ஒரு பேச்சு பலமாக அடிபட்டது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். பிறகு பிரிட்டனில் 21 ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடந்த டைம் என்ற ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் வித்தியாசமே இல்லை. ஆகவே கிளாக்கோமா உள்ள ஒருவர் காலைக்கு மாறினால் இதயத்துக்கு இழப்பு எதுவும் இல்லை. கண்ணுக்கு லாபம் இருக்கக்கூடும். இப்படி ஒரு பக்கம் செலவே இல்லாத பேரம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனாலும் முடிவு உங்கள் பொது மருத்துவருடையது. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, ப்ராஸ்டேட்டுக்காகச் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் என்று பல கணக்குகள் அவர் முன் இருக்கும். இரண்டு டாக்டர்களும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண் டாக்டரின் சீட்டை மற்றவரிடம் காட்டுவது நோயாளியின் வேலையாகத்தான் நம்மிடம் இருக்கிறது.

அப்படியானால் பிரஷர் கொஞ்சம் அதிகமாக இருப்பது கண்ணுக்கு நல்லதா?

இல்லை. நாள்பட்ட உயர் ரத்த அழுத்தம் நுண்குழாய்களைத் தடிக்கவைத்து, தாமாக விரிந்து சுருங்கும் திறனைக் கெடுத்துவிடும். இரண்டு ஓரமும் ஆபத்து.

சர்க்கரை நோயால் கண்ணில் ரத்த ஓட்டம் குறைந்து கிளாக்கோமா வருமா?

வரும், ஆனால் அது முற்றிலும் வேறு வகை, வேறு வேகம். சர்க்கரை நோயிலோ விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மையச் சிரை அடைத்துக்கொண்டாலோ விழித்திரையின் பெரும்பகுதி ரத்தமின்றித் தவிக்கிறது. அது புதுக் குழாய்களை வளரச் சொல்லும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருள் கண்ணின் முன்பகுதிக்கும் பரவி, கண்ணின் நிறமுள்ள வளையமான ஐரிஸின் மேல் தேவையில்லாத நுண்குழாய்கள் படர்கின்றன. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணத்தை அவை ஒரு சவ்வுபோல மூடுகின்றன. பிறகு அழுத்தம் 40, 50 என்று தாவுகிறது. மையச் சிரை அடைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் வருகிறது. அதனால்தான் அப்போது அடிக்கடி வரச் சொல்கிறார்கள்.

இதில் சாதாரணச் சொட்டு மருந்து மட்டும் போதாது. விழித்திரைக்கு லேசர், கண்ணுக்குள் ஊசி, சமயங்களில் வடிகுழாய் அறுவை சிகிச்சை என்று போகும். வலிக்கவில்லை, பார்வை தெரிகிறது என்று விழித்திரை லேசரைத் தள்ளிப்போட்டவர்கள்தான் இந்த நிலைக்குப் பெரும்பாலும் வருகிறார்கள். ரத்த ஓட்டக் குறைவு முதலில், கண் அழுத்தம் பிறகு என்ற வரிசை சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும் கிளாக்கோமா இதுதான்.

மற்ற வகை கிளாக்கோமாவில் ரத்த ஓட்டக் குறைவு காரணமா, விளைவா?

நேர்மையான பதில்: இரண்டுக்கும் சான்று உண்டு. நரம்பிழைகள் மடிந்துபோனால் அந்த இடத்துக்கு ரத்தத் தேவையும் குறையும், குழாய்களும் மெலியும். ஸ்கேனில் குழாய்கள் குறைந்து தெரிவதை மட்டும் வைத்து அவை முதலில் போயினவா, பின்னால் போயினவா என்று சொல்ல முடியாது. காரணம் என்ற பக்கத்துக்கு வலுச் சேர்ப்பது இரவுச் சரிவு, குறைந்த பெர்ஃபியூஷன் பிரஷர் ஆகியவை நோய் முற்றுவதோடு சேர்ந்து வருவது. ஸ்வீடனில் நடந்த நீண்டகாலத் தொடர் ஆய்விலும் இந்தத் தொடர்பு தெரிந்தது. ஆனால் சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது. ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் பார்வை காப்பாற்றப்படும் என்று நிரூபிக்கும் ஆய்வு வரும்வரை இந்த வழக்கு முடியாது.

‘டிஸ்க்கில் ரத்தக் கசிவு’ என்றார்கள். பார்வை போய்விடுமா?

டிஸ்க் என்பது பார்வை நரம்பின் அந்த வட்டம்தான். அதன் விளிம்பில், தீச்சுடரின் நாக்குபோல மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று தெரியும். பெரும்பாலும் வட்டத்தின் கீழ் வெளிப்பக்கத்தில். உங்களுக்கு வலியோ மங்கலோ எதுவும் இருக்காது. சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் தடமில்லாமல் மறைந்தும்விடும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும்போது பலருக்கும் தவறிப்போகிறது. கனடாவின் ஸ்டீபன் டிரான்ஸ் 1970 வாக்கில் இதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தினார். இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நார்மல் டென்ஷன் வகையில் இது அதிகம்.

அந்தக் கீற்று நோய் இன்னும் அடங்கவில்லை என்பதன் அறிகுறி. அதைப் பார்த்த டாக்டர் அழுத்தத்தை இன்னும் கீழே கொண்டுவர மருந்தைக் கூட்டினால், வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கண்ணின் ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன் உண்டா?

ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி என்பது பல பெரிய கண் மருத்துவமனைகளில் வந்துவிட்டது. ஊசியோ சாயமோ கிடையாது. ஒரே இடத்தைச் சில நொடிகளுக்குள் பலமுறை படமெடுத்து, படத்துக்குப் படம் மாறுவது எதுவோ அது ஓடும் ரத்த அணு என்று கணக்கிடுகிறது. நுண்குழாய் வலை எங்கே இற்றுப்போயிருக்கிறது என்று அழகாகக் காட்டும். எவ்வளவு ரத்தம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது காட்டாது. டாப்ளர் ஸ்கேன், ஜப்பானில் பரவலாக உள்ள லேசர் ஸ்பெக்கிள் முறை ஆகியவை ஓட்டத்தை ஓரளவு சொல்லும். ஆனால் இவற்றின் எண்ணை வைத்து மருந்தை முடிவுசெய்யும் நிலை இன்னும் வரவில்லை. பார்வைப் புலப் பரிசோதனையும் நரம்பிழை அடுக்கின் தடிமனை அளக்கும் சாதாரண ஓ.சி.டி. ஸ்கேனும் எடுத்துவிட்டுக் கையில் பணம் மிஞ்சினால் இதைப் பற்றி யோசிக்கலாம்.

சொட்டு மருந்துகளில் ரத்த ஓட்டத்துக்கு உகந்தது எது?

எல்லா மருந்தும் அழுத்தத்தைக் குறைப்பதன் மூலமே ரத்தத்துக்கு வழி விடுகிறது. அதற்கு மேலான நன்மை பற்றிய சான்று மெலிந்தது. ஆனால் இரவைப் பொறுத்தவரை மருந்துகளுக்குள் வித்தியாசம் உண்டு. லட்டானோபிராஸ்ட் போன்றவை இரவிலும் வேலை செய்கின்றன. டோர்சோலமைடு, பிரின்சோலமைடு வகையும் அப்படியே. டிமோலால் பகலில் நன்றாகக் குறைக்கும், தூக்கத்தில் அதன் பலன் மிகக் குறைவு.

டிமோலாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். நார்மல் டென்ஷன் நோயாளிகளுக்கு அதை இரவில் போடச் சொல்லப் பல டாக்டர்கள் தயங்குவது இதனால்தான். ஆஸ்துமா இருந்தால் போடவே கூடாது. எந்தச் சொட்டு போட்டாலும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடம்புக்குள் போவது வெகுவாகக் குறையும், கண்ணில் மருந்து நிற்கும்.

2011இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிமோனிடின் போட்டவர்களுக்கு டிமோலால் போட்டவர்களைவிட நோய் குறைவாகவே முற்றியது. அழுத்தம் இரு சாராருக்கும் ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. பிரிமோனிடின் நரம்பைக் காத்ததா, டிமோலால் ரத்த ஓட்டத்தைக் கெடுத்ததா என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது. பிரிமோனிடின் ஒத்துக்கொள்ளாமல் கண் சிவந்து பாதியில் விலகியவர்கள் நிறைய என்பதால் அந்த முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது.

ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை, மூலிகை ஏதாவது?

ஜிங்கோ பைலோபா பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இத்தாலியில் ஒரு சிறு ஆய்வு பலன் உண்டு என்றது. சீனாவில் அதையே செய்து பார்த்தபோது பலன் இல்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். நிக்கோடினமைடு எனும் வைட்டமின் பி3 மீது ஆய்வாளர்களுக்கு உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அது நரம்பணுவின் சக்தி உற்பத்திக்காகத்தான், ரத்த ஓட்டத்துக்காக என்று சொல்ல முடியாது. அதிலும் ஆய்வில் கொடுக்கும் அளவு சாதாரணச் சத்து மாத்திரையைவிடப் பல மடங்கு. ஈரலைக் கண்காணிக்காமல் சாப்பிடக் கூடாது.

கண்ணுக்குத் தேன் விடுவது, வெங்காயச் சாறு விடுவது பற்றிச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும்: வேண்டாம்.

சிரசாசனம் செய்தால் தலைக்கு ரத்தம் பாயும், கண்ணுக்கு நல்லது என்கிறாரே யோகா ஆசிரியர்?

சென்னையில் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். 75 யோகா பயிற்சியாளர்களைச் சிரசாசனத்தில் நிற்கவைத்து அளந்ததில் கண் அழுத்தம் இரண்டு மடங்கானது. முடிவு 2006இல் வெளியானது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், கீழே இறங்கியதும் அழுத்தமும் இறங்கிவிட்டது. ஏற்கெனவே நைந்துபோன நரம்புள்ளவருக்கு அந்தச் சில நிமிடங்கள் தேவையில்லை. அதோமுக சுவானாசனம், ஹலாசனம், விபரீதகரணி போன்றவையும் குறைந்த அளவில் இதையே செய்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் ஆசனங்கள், மூச்சுப் பயிற்சி, சவாசனம் எல்லாவற்றையும் தாராளமாகச் செய்யுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்குவதையும் விட்டுவிடுங்கள்.

நடை நல்லது. வேக நடை கண் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், குழாய்களின் உள்சுவருக்கும் நன்மை.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருக்கிறது. தொடரலாமா?

ஒரே மூச்சில் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் குடிக்கவைத்துக் கண் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது கண் மருத்துவத்தில் ஒரு பரிசோதனையாகவே இருக்கிறது. விடியற்காலை ஏற்கெனவே அழுத்தம் உச்சத்தில் இருக்கக்கூடிய நேரம். அதே தண்ணீரை ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். காபி ஒன்றிரண்டு டம்ளரோடு நிற்கட்டும்.

எப்படிப் படுப்பது?

தலைப்பக்கம் 20, 30 டிகிரி உயர்ந்திருந்தால் பலருக்கு இரவில் கண் அழுத்தம் சற்றுக் குறைகிறது. கழுத்து மடங்கும்படி மூன்று தலையணை அடுக்குவதில் பலனில்லை. கட்டிலின் தலைமாட்டையே உயர்த்துங்கள், அல்லது சரிவான மெத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கக் கண்ணில் அழுத்தம் கூடும். ஆகவே மோசமான கண் மேலே இருக்கட்டும். குப்புறப் படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்த வேண்டாம்.

எனக்குக் குறட்டை அதிகம். கை விரல்கள் எப்போதும் சில்லென்று இருக்கும். சம்பந்தம் உண்டா?

குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொன்னால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் விழுகிறது. கிளாக்கோமாவோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

சில்லிடும் விரல்கள், ஒற்றைத் தலைவலி, இயல்பாகவே குறைந்த பிரஷர், ஒல்லியான உடல் இவை சேர்ந்து இருப்பவர்களை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து யோசப் ஃபிளாமர் தனிக் கூட்டமாக அடையாளம் காட்டினார். இவர்களின் குழாய்கள் குளிருக்கும் மனக்கொதிப்புக்கும் சட்டென்று சுருங்கிவிடும் என்பது அவர் கருத்து. எல்லா மருத்துவர்களும் இதை ஒரு நோய்த்தொகுப்பாக ஏற்கவில்லை. ஆனால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு நார்மல் டென்ஷன் வகை வேகமாக முற்றுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. எனவே கண் டாக்டரிடம் தலைவலியையும் சொல்லுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பெண்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

திடீரென்று கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால்?

அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி வருவதால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். கோணம் மூடிக்கொண்டு அழுத்தம் 50, 60 என்று ஏறும்போது நரம்புக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும் அளவுக்குக் குறைந்துவிடும். இந்தப் பக்கத்தில் சொன்ன மற்றவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. இது மணிக்கணக்கில் நடப்பது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது. கிளாக்கோமாவைப் பற்றி அங்கே சொல்ல வேண்டுமா?

மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையின்போது ரத்தம் போவதைக் குறைக்க ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கிவைப்பது உண்டு. எவ்வளவு இறக்கலாம் என்று முடிவு செய்யும்போது கண்ணையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைப்பார்கள் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சிகிச்சையின்போது பிரஷர் அடிக்கடி விழுகிறது என்றால் அந்த அளவுகளை எழுதிக் கண் டாக்டரிடம் காட்டலாம். அறுவை சிகிச்சை நாளன்று காலையிலும் கண் சொட்டை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வது கண்ணுக்குப் பொருந்தாது. மருந்து புட்டியையும் பையில் எடுத்து வையுங்கள், வார்டில் அது கிடைக்காது.